கையெழுத்து இருந்தும் விழாத ஓட்டு

கடலூர் மத்தியச் சிறை
ஜனவரி 27

அன்பு ஷம்ஷாத்துக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் காவலில் நான் சுகம். நீ சுகமா? அஃப்ஷீனுக்குக் கால் வீக்கம் குறைந்ததா? தலைப்பிரசவத்துக்கு வந்த பிள்ளையைக் கடையில் உட்கார வைக்காதே. மெத்தைப் பஞ்சுத் தூசி அவளுக்கு ஆகாது.

ஒரு நல்ல செய்தி. நகராட்சித் தேர்தலில் நம் வார்டுக்குக் கட்சி என்னை நிறுத்தியிருக்கிறது. மாவட்டச் செயலாளர் ரகுநாதன் ஆவடியிலிருந்து இவ்வளவு தூரம் வந்து நேரில் சொன்னார். சிறை அதிகாரி முன்னால் உறுதிமொழி எடுத்து மனுவில் கையெழுத்தும் போட்டாயிற்று. இருபது வருஷமாக உழைப்பாளர் முன்னணிக்குக் கொடி கட்டினேன், மேடை போட்டேன், அடுத்தவன் பேரைச் சொல்லித் தொண்டை கிழியக் கத்தினேன். இப்போதுதான் என் பேர் மெஷினில் வரப்போகிறது. சின்னம் இஸ்திரிப் பெட்டி.

நசரத்பேட்டையில் ரோட்டைக் கடக்கிற சனம் லாரியில் அடிபட்டுச் சாகிறதே, ஒரு பாலம் கட்டுங்கள் என்றுதானே மறியல் செய்தோம்? கூட்டத்தில் எவனோ பஸ் கண்ணாடியை உடைத்ததற்கு நான் உள்ளே கிடக்கிறேன். கிடக்கட்டும். சனம் பார்த்துக்கொண்டிருக்கிறது.

ஜாமீனுக்காக நீ அலையாதே. கட்சி வக்கீல் பார்த்துக்கொள்வார். உன் தம்பி காலித்தைப் பூத் ஏஜெண்டாகப் போடச் சொல்லியிருக்கிறேன்.

துஆவுடன்,
ஷவுகத் அலி


பூந்தமல்லி
பிப்ரவரி 3

அஃப்ஷீன் அத்தாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். இங்கே சுகம் என்று எழுதத்தான் ஆசை. அஃப்ஷீனுக்கு பிபி ஏறிக்கொண்டே போகிறது. நாள் வரைக்கும் தாங்காது, முன்னாலேயே எடுக்க வேண்டிவரும் என்கிறார் டாக்டரம்மா. ராத்திரியெல்லாம் "அத்தா எப்ப வரும்?" என்று ஒரே கேள்வி. பிறக்கிற பிள்ளை காதில் நீங்கள்தான் பாங்கு சொல்ல வேண்டுமாம். வெளிநாட்டில் இருக்கிற அவள் மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை, வேறு யாரையும் பக்கத்தில் விடமாட்டாளாம்.

எனக்கு ஒன்றே ஒன்று விளங்கவில்லை. அதே கேஸ், அதே மறியல், அதே பஸ். ஜஸ்டினும் ஆனந்தனும் ஜாமீனில் வந்து பத்து நாளாக நம் கடைக்கு எதிரே நின்று டீ குடிக்கிறார்கள். உங்களுக்கு மட்டும் ஏன் வரவில்லை? ரகுநாதனைக் கேட்டால், "அண்ணி, கோர்ட்டுல லேட்டாவுது, கொஞ்சம் பொறுத்துக்கங்க" என்கிறார். அவர் பெண்டாட்டி பொறுப்பாளா?

பஸ் ஸ்டாண்டு முழுக்க உங்கள் போஸ்டர். உங்கள் முகத்துக்கு மேலே கம்பி வரைந்து, "சிறைக்குள்ளே உங்கள் சகோதரன்" என்று போட்டிருக்கிறார்கள். அது நம் நிக்காஹ் ஆல்பத்திலிருந்து எடுத்த போட்டோ. சிரித்துக்கொண்டிருக்கிற மாப்பிள்ளைக்குக் கம்பி வரைந்தவன் கையில் கொள்ளி வைக்க.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தக் கடிதத்தை உங்களுக்கு முன்னால் படிக்கிற அதிகாரிக்கும் என் சலாம்.

ஷம்ஷாத்


கடலூர் மத்தியச் சிறை
பிப்ரவரி 9

அன்பு ஷம்ஷாத்துக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அஃப்ஷீனை நினைத்தால் தூக்கம் வரவில்லை. நல்ல டாக்டரிடம் காட்டு.

கோபப்படாமல் கேள். நகராட்சித் தலைவரைச் சனம் நேராகத் தேர்ந்தெடுப்பதில்லை. கவுன்சிலர்கள் கூடி ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். வார்டு மொத்தம் இருபத்தொன்று. இரண்டு பெரிய கூட்டணியும் பத்துப் பத்து என்று வந்து நிற்கும் என்பது ரகுநாதன் கணக்கு. மிச்சம் இருப்பது நம் வார்டு. அது நம் கையில் இருந்தால் தலைவர் யார் என்பதை நாம் சொல்லலாம். துணைத் தலைவர் பதவி நமக்கு. நாம் ஆதரிக்கிற பெரிய கட்சி அடுத்த சட்டமன்றத் தேர்தலில் ஒரு இடமும் தருவதாகப் பேச்சு. இது போனால் எதுவும் இல்லை. "ஒரு வார்டுகூட ஜெயிக்காத கட்சிக்கு எதுக்கு நாற்காலி?" என்று கூட்டணிக் கூட்டத்தில் வாசலிலேயே நிற்க வைப்பார்கள்.

அந்தப் பெரிய கட்சிக்காரர்கள் தங்கள் சின்னத்தில் நிற்கச் சொன்னார்கள். ஜெயித்தால் அவர்கள் கட்சிக்காரன் என்றே என்னை எழுதிக்கொள்வார்கள். முடியாது என்றேன். இஸ்திரிப் பெட்டிதான்.

இந்தச் சட்டத்தின் அழகைப் பார். ஜெயிலில் கிடப்பவன் தேர்தலில் நிற்கலாம், ஓட்டு மட்டும் போடக்கூடாதாம்! ஊரே எனக்குப் போடலாம், நான் எனக்குப் போட முடியாது. எந்தப் புத்திசாலி எழுதினானோ.

ஜாமீன் விஷயத்தில் என் கையில் என்ன இருக்கிறது? கோர்ட் வைத்ததுதான் நாள்.

ஷவுகத் அலி


பூந்தமல்லி
பிப்ரவரி 17

அஃப்ஷீன் அத்தாவுக்கு,

ஸலாம். பன்னிரண்டாம் தேதி ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். ஆண் பிள்ளை. ஒன்றரைக் கிலோகூட இல்லை. கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். அஃப்ஷீன் பிழைத்துக்கொண்டாள்.

நீங்கள் வரும்வரை பாங்கைத் தள்ளிப் போட வேண்டும் என்று அழுதாள். பிள்ளை இருக்கிற நிலையில் யார் தள்ளிப்போடுவது? காலித்துதான் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போய்ச் சொன்னான். வெளியே வந்து அவனும் அழுதான்.

பதினைந்தாம் தேதி வக்கீல் ஆபீசுக்குப் போனேன். பேசினேன். வந்துவிட்டேன்.

என்னிடம் நீங்களாகச் சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தால் எழுதுங்கள். சனிக்கிழமை ஓட்டு. போவேன்.

ஷம்ஷாத்


கடலூர் மத்தியச் சிறை
பிப்ரவரி 24

ஷம்ஷாத்துக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பேரனுக்கு என் துஆ. அஃப்ஷீனிடம் அத்தா முத்தம் கொடுத்ததாகச் சொல்.

என் ரத்தம் கொதிக்கிறது. நேற்று ரகுநாதன் வந்து சொன்னார். எனக்கு அறுநூற்றுப் பதினொன்று. எதிர்த்து நின்றவனுக்கும் அறுநூற்றுப் பதினொன்று. இரண்டு தடவை எண்ணியும் அதேதான். அதிகாரி இரண்டு பேரையும் துண்டுக் காகிதத்தில் எழுதி, பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுக் குலுக்கி, ஒன்றை எடுத்தாராம். அவன் பேர் வந்ததாம். வந்த பேருக்கு ஒரு ஓட்டைக் கூட்டி எழுதிச் சான்றிதழும் கொடுத்துவிட்டார்களாம். அதுதான் விதி. டப்பாவுக்குள் கிடந்த காகிதத்துக்கு ஓட்டு உண்டு, ஷம்ஷாத். எனக்கு இல்லை!

மற்ற வார்டுகள் ரகுநாதன் சொன்னபடியே பத்துப் பத்து. நம் ஒரு வார்டுதான். ஒரே ஒரு ஓட்டுதான். இருபது வருஷம் போச்சு.

இன்னொன்றையும் கேள். நம் பூத்தில் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டவர்களைவிட மெஷினில் விழுந்த ஓட்டு ஒன்று குறைகிறது. உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டு, விரலில் மை வைத்துக்கொண்ட ஒரு ஆளின் ஓட்டு எங்கே போனது? எவனோ திருடியிருக்கிறான். அந்த ஒன்று விழுந்திருந்தால் குலுக்கலே கிடையாது. அங்கே ஏஜெண்டாக உட்கார்ந்திருந்தவன் உன் தம்பி. பார்த்துக்கொண்டு என்ன பிடுங்கினான்? அவனைக் கேட்டு உடனே எழுது.

ஷவுகத் அலி


பூந்தமல்லி
மார்ச் 5

அஃப்ஷீன் அத்தாவுக்கு,

ஸலாம். பிள்ளையைக் கண்ணாடிப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்துவிட்டார்கள். தப்ரேஸ் என்று பேர் வைத்திருக்கிறது. பால் குடிக்கப் பழகுகிறான். அஃப்ஷீனுக்குத் தையல் பிரித்தாயிற்று.

நேற்றுத் தலைவர் தேர்தலும் முடிந்தது. பதினொன்றுக்குப் பத்து. ஜெயித்தவர்கள் நம் தெருவில்தான் அதிகமாக வெடி போட்டார்கள். தப்ரேஸ் திடுக்கிட்டுத் திடுக்கிட்டு அழுதான். கடை வாசலில் பட்டாசுக் காகிதம் குவிந்து கிடந்தது. நானே கூட்டினேன்.

அந்த ஓட்டைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நானும் போன கடிதத்தில் ஒன்று கேட்டிருந்தேன். அதற்கு முதலில் பதில் வரட்டும்.

ஷம்ஷாத்


கடலூர் மத்தியச் சிறை
மார்ச் 11

ஷம்ஷாத்துக்கு,

ஸலாம். நீ என்ன கேட்டாய் என்றே எனக்கு ஞாபகம் இல்லை. இங்கே தலை வெடிக்கிறது, நீ விடுகதை போடுகிறாய்.

உன் தம்பி விஷயத்தை நானே முடித்துவிட்டேன். எண்ணிக்கையில் ஒன்று குறைவதைப் பார்த்தும், ஒரு எதிர்ப்பும் எழுதாமல் ஏஜெண்டு கையெழுத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான். இதற்கு என்ன அர்த்தம்? அந்தப் பக்கம் காசு வாங்கியிருக்கிறான் என்று அர்த்தம். அவனைக் கட்சியிலிருந்து நீக்கச் சொல்லி ரகுநாதனுக்கு எழுதிவிட்டேன். வீட்டுக்குள்ளும் விடாதே. நான் தூக்கி வளர்த்த பையன்! என் பெண்ணுக்குப் பிறந்த பிள்ளை காதில் பாங்கு சொல்ல அவன் வாய்தான் கிடைத்ததா?

நாற்பத்தைந்து நாளுக்குள் கோர்ட்டில் மனுப் போட்டால் இந்த வார்டு முடிவையே ரத்து செய்யலாமாம். திரும்பத் தேர்தல் வைத்தால் ஜெயித்துவிடலாம். கட்சி பிழைத்துவிடும். அந்த ஒரு ஆள் யார் என்று மட்டும் தெரிய வேண்டும்.

ஷவுகத் அலி


பூந்தமல்லி
மார்ச் 16

மச்சானுக்கு காலித் எழுதிக்கிறது. ஸலாம். ஒடம்பு நல்லாக்கீதா?

எனக்கு லெட்டர்லாம் எழுதிப் பழக்கமில்ல மச்சான். ஆனா நேர்ல வந்தா அழுதுடுவேன், அதான் எழுதறேன். ரகுநாதன் சாரு டீக்கடையாண்ட பத்துப் பேரு எதிர்ல என் பாக்கெட்ல இருந்த கட்சிக் கார்டைப் புடுங்கிக் கிழிச்சாரு. "எவ்ளோடா வாங்கினே?" ன்னு கேட்டாரு. ஆனந்தன் அண்ணாத்தேகூட மூஞ்சைத் திருப்பிக்கினாரு. நான் இன்னா பண்ணேன் மச்சான்? காத்தால ஆறு மணிக்குப் போய் உக்காந்தவன், ஒண்ணுக்குக்கூட எய்ந்திருக்கல.

அந்த ஓட்டை எவனும் திருடல. எனக்குத் தெரியும், நான் பாத்தேன். ஆனா என் வாயால சொல்லமாட்டேன். என்னை இன்னா வேணா சொல்லு. துட்டு வாங்கினேன்னு சொல்லு. நான் சொல்ற பாங்கு ஆவாதுன்னு மட்டும் சொல்லாத மச்சான். அந்தப் புள்ள அப்போ மூச்சுக்கே இஸ்துக்கினு இருந்துச்சு.

உன் மச்சினன்,
காலித்


பூந்தமல்லி
மார்ச் 19

ஜனாப் ஷவுகத் அலி அவர்களுக்கு,

ஸலாம். உங்கள் கடிதம் வந்தது. காலித் உங்களுக்கு எழுதியதை என்னிடம் காட்டிவிட்டுத்தான் தபாலில் போட்டான். போதும். அவன் எனக்காக வாயை மூடிக்கொண்டு அடி வாங்கியது போதும்.

அந்த ஆள் நான்தான்.

வக்கீல் ஆபீசில் நடந்ததைக் கேளுங்கள். அன்று வக்கீல் இல்லை, குமாஸ்தா கன்னியம்மாள் இருந்தாள். பேரன் பிழைப்பானோ மாட்டானோ, என் மகள் அத்தாவுக்கு ஜாமீன் வாங்கிக் கொடுங்கள் என்று கெஞ்சினேன். அந்தப் பெண் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "இன்னாம்மா, உனக்குத் தெரியாதா? மனு அப்பவே ரெடியாய்ட்சே. எலக்சன் முடியட்டும், அதுவரைக்கும் போடாதீங்கன்னு உங்க ஊட்டுக்காரரே எய்திக் குடுத்துட்டாரும்மா. உள்ள இருந்தாதான் ஓட்டு வியும்னு ரகுநாதன் சார் சொன்னாரு, இவரும் சரின்னுட்டாரு." வெளியே வந்து படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். எதிர்ச்சுவரில் கம்பிக்குப் பின்னால் நீங்கள் சிரித்துக்கொண்டிருந்தீர்கள்.

கோர்ட் வைத்ததுதான் நாள் என்று எழுதினீர்களே, வெட்கமாக இல்லை? உங்கள் மகள் பிரசவ அறைக்குள் போகும்போது "அத்தா வந்துட்டாரா?" என்று கேட்டாள். வந்துகொண்டே இருக்கிறார் என்று பொய் சொன்னேன். நீங்கள் அங்கே ஓட்டு எண்ணிக்கொண்டிருந்தீர்கள்.

அப்படியிருந்தும் சனிக்கிழமை உங்களுக்குப் போடத்தான் போனேன். கட்டின புருஷன், போகட்டும் என்றுதான் போனேன். கையெழுத்துப் போட்டேன், மை வைத்தார்கள். மெஷினுக்கு முன்னால் போனால் இஸ்திரிப் பெட்டிக்குப் பக்கத்தில் உங்கள் பேர். கண்ணாடிப் பெட்டிக்குள் அந்தச் சின்ன நெஞ்சு ஏறி இறங்கியதுதான் கண்ணில் வந்தது. கை எழவில்லை. திரும்பி வந்து, எனக்கு ஓட்டுப் போட இஷ்டமில்லை என்று அதிகாரியிடம் சொன்னேன். "அதுக்கும் ரூல் இருக்கும்மா" என்று அவர் என் பேருக்கு நேரே அதை எழுதி, மறுபடி கையெழுத்து வாங்கினார். எல்லாம் சட்டப்படிதான். காலித் எழுந்து நின்று, "யக்கா, இன்னாக்கா பண்றே?" என்றான். நான் வெளியே வந்துவிட்டேன்.

ஜாமீனில் வந்திருந்தால் உங்கள் ஓட்டு உங்களுக்கு விழுந்திருக்கும். சட்டம் தடுத்தது என்று ஊரெல்லாம் புலம்புகிறீர்கள். சட்டம் என்ன செய்யும்? உங்கள் ஓட்டை வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது நீங்கள். என் ஓட்டுக்கு நான் போட்டேன். இரண்டும் ஒரே வீட்டுக் கையெழுத்து.

காலித் மேல் விழுந்த பழியை எடுங்கள்.

ஷம்ஷாத்


கடலூர் மத்தியச் சிறை
மார்ச் 30

ஷம்ஷாத்,

பத்து நாளாக எழுதி எழுதிக் கிழித்தேன்.

ஆமாம், எழுதிக் கொடுத்தேன். உன்னிடம் சொன்னால் விடமாட்டாய் என்று தெரியும், அதனால் சொல்லவில்லை. வெளியே நான் யார்? மெத்தைக்கடை பாய். மேடைக்குக் கீழே நின்று நாற்காலி எடுத்துப் போடுகிற ஆள். உள்ளே வந்த பிறகுதான் என்னை வேட்பாளர் என்றார்கள். முந்திய தேர்தலில் நாம் வாங்கிய ஓட்டு உனக்குத் தெரியும், டெபாசிட்டே போனது. இந்தத் தடவை அறுநூற்றுப் பதினொன்று! உள்ளே இருந்ததால்தான் வந்தது. ரகுநாதன் கணக்குத் தப்பில்லை. பிள்ளை முன்னாலேயே பிறந்துவிடும் என்று யார் கண்டது? நீ ஒரு பொத்தானை அழுத்தியிருந்தால் போதும். ஊரெல்லாம் அழுத்திய பொத்தானை என் பெண்டாட்டி அழுத்தவில்லை. இதை நான் யாரிடம் போய்ச் சொல்வேன்?

சரி, நடந்தது நடந்துவிட்டது. இன்னும் சரிசெய்யலாம். அதிகாரி எழுதியது உனக்குப் புரியவில்லை, பொத்தானை அழுத்தினாய், சத்தம் வரவில்லை, அவர்களாக உன்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள் என்று ஒரு பிரமாணப் பத்திரம் கொடு. ரகுநாதன் எடுத்துக்கொண்டு வருவார். கெடு எட்டாம் தேதி. கட்சியின் உயிர் உன் கையில் இருக்கிறது.

காலித்துக்கு நான் வந்து சொல்லிக்கொள்கிறேன்.

ஷவுகத் அலி


பூந்தமல்லி
ஏப்ரல் 4

ஜனாப் ஷவுகத் அலி அவர்களுக்கு,

ஸலாம். ரகுநாதன் பத்திரத்தோடு வந்தார். டைப் அடித்தே கொண்டுவந்துவிட்டார். அதில் நான் எழுதப் படிக்கத் தெரியாதவளாம்! பத்தாவது வரைக்கும் படித்தவள், பத்து வருஷமாக உங்கள் கடைக்கு பில் போடுகிறவள், கட்சிக்காகக் கைநாட்டு ஆக வேண்டுமாம். அந்தப் பூத்தில் இருந்த அதிகாரி ஒரு பள்ளிக்கூட டீச்சர், ஐயா. அந்த மனுஷன் வேலைக்கு உலை வைத்துத்தான் உங்கள் கட்சி பிழைக்க வேண்டுமா? காலித்தைத் தின்றது போதாதா?

"அண்ணி, இந்தக் கையெழுத்து இல்லன்னா கட்சியே இல்ல" என்றார். என் ஒருத்தி கையெழுத்தில் நிற்கிற கட்சி எதற்கு, போய் இழுத்து மூடுங்கள் என்றேன். பத்திரத்தை அவர் எதிரிலேயே கிழித்து மெத்தைக் கழிவோடு போட்டேன்.

இதோடு ஒரு காகிதம் வைத்திருக்கிறேன். கிருஷ்ணப்பிரியா என்று திருநின்றவூர்ப் பக்கம் ஒரு வக்கீல், உங்கள் கட்சி வாசலை மிதிக்காத பெண். அவளுக்கு வக்காலத்து. நீங்கள் கையெழுத்துப் போட்டால் அவள் ஜாமீன் மனுப் போடுவாள். ஜாமீன்தாராக நான் நிற்கிறேன். போட இஷ்டமில்லை என்றால் அதையும் எழுதி அனுப்புங்கள்.

ஷம்ஷாத்


பூந்தமல்லி
ஏப்ரல் 22

அஃப்ஷீன் அத்தாவுக்கு,

ஸலாம். நாங்கள் சுகம். தப்ரேஸ் இரண்டரைக் கிலோவைத் தாண்டிவிட்டான். அழுதால் தெருமுனை வரைக்கும் கேட்கிறது.

வக்காலத்து வந்து சேர்ந்தது. வேறு ஒரு வரியும் இல்லை, வெறும் கையெழுத்து. உறைக்குள் கையை விட்டுத் துழாவிப் பார்த்தேன். பரவாயில்லை. முதல் தடவையாகச் சரியான இடத்தில் போட்டிருக்கிறீர்கள்.

ஜாமீன் கிடைத்துவிட்டது. திங்கட்கிழமை காலையில் வெளியே விடுவார்களாம். கோர்ட் கெடு தாண்டிவிட்டதால் உங்கள் மனுவும் போயிற்று. சட்டமன்றத்தில் இடம் கிடையாது என்று பெரிய கட்சி கைவிரித்துவிட்டதாக ஆனந்தன் சொன்னார். ரகுநாதனே அந்தக் கட்சிக்குப் போகப்போவதாகவும் பேச்சு. எனக்கு வருத்தம் இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். பாலம் கேட்டுப் போன அன்று நானும்தான் உங்களுக்குச் சோறு கட்டிக் கொடுத்தேன். என் கோபம் இன்னும் தீரவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

சிறை வாசலுக்குக் காலித் வருவான். நான்தான் அனுப்புகிறேன். அவனைப் பார்த்ததும் என்ன சொல்ல வேண்டுமோ அதை அங்கேயே, நாலு பேர் காது கேட்கச் சொல்லுங்கள். அப்புறம் பஸ் ஏறுங்கள்.

ரகுநாதனும் வருகிறாராம். ஆள் உயர மாலை, திறந்த ஜீப், பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டிலிருந்து மேளத்தோடு ஊர்வலம். "தியாகி வருகிறார்" என்று போஸ்டர்கூட அடித்துவிட்டார்கள். அதே போட்டோ, கம்பியை மட்டும் எடுத்திருக்கிறார்கள். அவர் கட்சி மாறுவதற்கு முன்னால் உங்களை வைத்துக் கூட்டம் காட்ட வேண்டுமாம்.

ஜீப்பில் ஏறினால் நேரே கட்சி ஆபீசுக்கே போய்விடுங்கள். இங்கே வரவேண்டாம், கதவு திறக்காது. பஸ்ஸில் வந்தால் அஃப்ஷீன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நிற்பாள்.

உள்ளே இருப்பவனுக்கு ஓட்டில்லை என்று கத்தினீர்களே. திங்கட்கிழமை நீங்கள் வெளியே. போடுங்கள், பார்க்கிறேன்.

ஷம்ஷாத்